"அப்பா, நம்ம ஆளுங்களும் அடிமையா இருந்தாங்களா?"

தேக்காவாசி | வெள்ளி, இரவு 9.42

மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு படத்தைக் கொடுத்து, அதைப் பற்றி எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். லிவர்பூலைச் சேர்ந்த ப்ரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலின் உள்தட்டு வரைபடம் அது. அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் 1788இல் அச்சிட்டுப் பரப்பியது. கைப்பேசியில் அவன் நீட்டியபோது நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. இங்கே சிங்கப்பூரில் தேக்கா கடையில் தொங்கும் புடவையின் கரை டிசைன் என்றே நினைத்தேன். வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டிக் கறுப்புக் கோடுகள். பெரிதாக்கினால் ஒவ்வொரு கோடும் ஒரு ஆள்.

படத்தில் இருப்பது 454 பேர். அதுவும் சட்டம் போட்டுக் குறைத்த கணக்காம். அதற்கு முன்னால் அதே கப்பல் 609 பேரை ஏற்றிப் போயிருக்கிறது.

ஒரு ஆணுக்கு ஒதுக்கிய இடம் 6 அடி நீளம், 16 அங்குல அகலம். பையன் சும்மா இருப்பானா? என் அளவு டேப்பை எடுத்துவந்து கூடத்துத் தரையில் அளந்து, சுவருக்கு வர்ணம் அடிக்கும்போது ஒட்டுகிற நீல டேப்பால் கட்டம் போட்டுவிட்டான். நான் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். தோள் இரண்டு பக்கமும் கோட்டைத் தாண்டிவிட்டது. ஒருக்களித்துப் படுத்தால்தான் அடங்குகிறேன். இப்படி ஏறக்குறைய இரண்டு மாதம், பக்கத்து ஆளோடு சேர்த்துக் காலில் விலங்கு. "சாப்பிட்ட தட்டைக் கழுவாம தரையில என்ன விளையாட்டு" என்று வீட்டில் சத்தம் வந்ததும் எழுந்துவிட்டேன். அவர்களால் அப்படி எழ முடியாது.

அப்போதுதான் தலைப்பில் இருக்கிற கேள்வியைக் கேட்டான். "இல்லடா, அது ஆப்பிரிக்கா, அமெரிக்கா கதை. நாம கூலிக்கு வந்தவங்க" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே நிச்சயமில்லை. படித்தவர்கள் இருக்கிறீர்கள், நான் சொன்னது சரிதானா?


ஜூரோங் மாமா | வெள்ளி, இரவு 10.05

சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள், விடுங்கள். பிள்ளைக்குத் தேர்வில் மதிப்பெண் வந்தால் போதும். இருநூறு முந்நூறு வருடத்துக்கு முந்திய பிணத்தைத் தோண்டி யாருக்கு என்ன கிடைக்கப் போகிறது?


நூலகப்புழு | வெள்ளி, இரவு 11.31

மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது. தேக்காவாசி, நீங்கள் சொன்னது தவறு. நம் ஆட்களும் விற்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கில்.

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு இருக்கிறதல்லவா, அங்கே டச்சுக்காரர்களுக்குக் கெல்திரியா என்று ஒரு கோட்டை இருந்தது. துணி வாங்க வந்தவர்கள்தான். ஆனால் சோழமண்டலக் கரையில் பஞ்சமோ போரோ வரும்போதெல்லாம் துணியோடு மனிதர்களையும் வாங்கினார்கள். வயிற்றுக்கு இல்லாமல் பெற்ற பிள்ளையை விற்றவர்கள், தன்னையே விற்றுக்கொண்டவர்கள், தரகர்கள் ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவந்தவர்கள் என எல்லாரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் பீஜப்பூர்ப் படைகள் புகுந்து வயலை அழித்துப் பஞ்சம் வந்தபோது மட்டும் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை கப்பலேற்றப்பட்டதாக டச்சு ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பகுதி இலங்கைக்கு. மீதிப் பேர் பட்டாவியாவுக்கும் மலாக்காவுக்கும். பட்டாவியா என்றால் இன்றைய ஜகார்த்தா. மலாக்கா நமக்கு இங்கிருந்து பஸ்ஸில் நான்கு மணி நேரம்.

இன்னும் தூரம் போனவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆவணங்களில் அடிமைகளின் பெயருக்குப் பின்னால் "ஃபான் கோரமண்டல்", "ஃபான் மலபார்", "ஃபான் பெங்காலன்" என்று வரும். சோழமண்டலத்திலிருந்து வந்தவர், மலபாரிலிருந்து வந்தவர் என்று பொருள். முன்னால் இருக்கும் பெயர் பெரும்பாலும் முதலாளி வைத்த பெயர். பெற்றோர் வைத்த பெயர் பெரும்பாலும் கிடையாது. சரக்கு எந்தத் துறைமுகத்தில் ஏறியது என்று குறித்து வைப்பது போல.

பழவேற்காட்டுக்கு ஒரு முறை போயிருக்கிறேன். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கும். உள்ளே வணிகர்களின் கல்லறைகள், அழகான எழுத்துகளோடு. பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, குடும்பச் சின்னம். தொல்லியல் துறை வேலி போட்டுப் பாதுகாக்கிறது. அவர்கள் ஏற்றி அனுப்பிய ஆட்களுக்கு அந்த ஊரில் ஒரு கல்லும் என் கண்ணில் படவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்து இறால் வறுவல் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது.


கப்பல் கணக்கு | சனி, காலை 7.20

கப்பல் இன்ஷூரன்சில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். பயிற்சிக் காலத்திலேயே ஒரு வழக்கு சொல்லித்தருவார்கள், சோங் என்ற கப்பலின் வழக்கு.

1781. ஆப்பிரிக்காவிலிருந்து 442 பேரை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவுக்குப் புறப்பட்ட லிவர்பூல் கப்பல். அளவுக்கு மீறிய ஆட்கள், நோய், போதாததற்கு வழிதவறி ஜமைக்காவையே தாண்டிப் போய்விட்டார்கள். தண்ணீர் தீர்ந்துவிடும் என்று காரணம் சொல்லி, மூன்று தவணையாக 130க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். ஏன் தள்ள வேண்டும்? அடிமை நோயில் செத்தால் நஷ்டம் முதலாளிக்கு. கப்பலைக் காப்பாற்ற "சரக்கை" வீசினால் நஷ்டம் இன்ஷூரன்ஸ்காரனுக்கு. தலைக்கு 30 பவுன்.

ஊர் திரும்பியதும் முதலாளிகள் பணம் கேட்டார்கள். 1783இல் லண்டன் ஜூரி கொடுக்கச் சொல்லித் தீர்ப்புச் சொன்னது. மேல் விசாரணையில் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட், ஜூரியின் கண்ணில் இது குதிரைகளைக் கடலில் வீசியது போலத்தான் என்று குறிப்பிட்டார். அங்கேதான் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது: கடைசித் தவணை ஆட்களைத் தள்ளுவதற்கு முன்பே மழை பெய்து தண்ணீர் கிடைத்திருக்கிறது. அதனால் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார்கள். கொலை என்று எவர் மேலும் வழக்கு நடக்கவில்லை.

நான் தினமும் பார்க்கிற பாலிசிகளில் கடலில் வீசிய சரக்கைப் பற்றிய வரிகள் இன்றும் இருக்கின்றன. கன்டெய்னருக்குத்தான். ஆனாலும் அந்த இடம் வரும்போது ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் படிப்பேன்.

மாமா, யாருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள். கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டன் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு இல்லை, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அதற்கு வாங்கிய கடனை பிரிட்டிஷ் அரசாங்கம் முழுதாக அடைத்து முடித்தது 2015இல். 1815 இல்லை, எழுத்துப்பிழை இல்லை, 2015.


தேக்காவாசி | சனி, காலை 8.02

மகனிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன். "அப்ப நீங்க நேத்து சொன்னது பொய்யா?" என்கிறான். ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன். சிங்கப்பூரில் இது நடந்ததா என்பது அடுத்த கேள்வி. நூலகப்புழு அக்கா, உங்களைத்தான் கேட்கிறேன்.


நூலகப்புழு | சனி, மதியம் 1.15

நடந்தது தம்பி. சிங்கப்பூரைப் பிரிட்டிஷ் துறைமுகமாக்க ராஃபிள்ஸ் வந்து இறங்கியது 1819 ஜனவரி. அதன் பிறகு நாலு வருடம், அவர் பொறுப்பில் விட்டுப்போன ஃபார்குவார் ஆட்சியில் அடிமை வியாபாரம் தட்டிக் கேட்பாரில்லாமல் ஓடியது. சுலாவெசித் தீவின் புகிஸ் வணிகர்கள் படகில் கொண்டுவந்து இறக்கி விற்றார்கள்.

இதைக் கண்ணால் பார்த்து எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லா. 2019இல் இருநூறாம் ஆண்டு என்று ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் புதிதாக நாலு சிலை வைத்தார்களே, நாராயண பிள்ளையோடு இவரும் அதில் இருந்தார். மலாய் எழுத்தாளர் என்று எல்லாருக்கும் தெரியும். அவருடைய முப்பாட்டன் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே பெண் எடுத்த அரபியர், அப்துல்லா சின்ன வயதில் மலாக்காவில் தமிழ் படித்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தாய்மார்கள், கைக்குழந்தைகள், இளம்பெண்கள் எல்லாரும் விற்பனைக்கு நின்றதை அவர் எழுதியிருக்கிறார். மனம் பொறுக்காமல் ராஃபிள்ஸிடம் போய்ச் சொன்னதாகவும் எழுதுகிறார்.

1823 மே மாதம் ராஃபிள்ஸ் சட்டம் போட்டார். 1819 ஜனவரி 29க்குப் பிறகு அடிமையாகக் கொண்டுவரப்பட்ட யாரும் விடுதலை கேட்கலாம். பள்ளிப் புத்தகம் இந்த இடத்தில் நின்றுவிடும். அடுத்த பத்தியையும் படிக்க வேண்டும். கப்பல் கட்டணம் கொடுக்க முடியாமல் வருகிற கூலியாட்கள் அந்தக் கடனை உழைத்துக் கழிக்கலாம் என்றும், கடன் 20 டாலருக்கு மேல் போகக் கூடாது, உழைப்பு இரண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது, நீதிபதி முன்னால் பதிய வேண்டும் என்றும் அதே ஆண்டின் விதிகள் சொல்கின்றன. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆளை விற்க முடியாது என்று ஒரு கதவை மூடிய அதே கை, ஆளின் கடனை விற்கலாம் என்று பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தது. அடுத்த நூறு வருடம் கூட்டமெல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தது.

சட்டம் வந்த மறுநாளே எல்லாம் மாறிவிடவும் இல்லை. அடுத்த ஓரிரு வருடத்துக்குள் சுல்தானின் கம்போங் கிளாம் அரண்மனையிலிருந்து 27 பெண்கள் தப்பி வந்து, அடி உதை தாங்க முடியவில்லை என்று போலீசிடம் முறையிட்டார்கள். அப்போது ரெசிடென்டாக, அதாவது பிரிட்டிஷ் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்தவர் கிராஃபர்ட். சுல்தானுக்குக் கோபம், இருந்தாலும் அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது என்று கிராஃபர்ட் சொல்லிவிட்டார். நாம் ஞாயிற்றுக்கிழமை முர்தபா சாப்பிடப் போகிற அதே வட்டாரம். எனக்கு ராஃபிள்ஸைவிட அந்த 27 பேர்தான் பெரிய ஆட்கள். எந்தச் சுவரைத் தாண்டினார்கள், யார் முதலில் "போவோம்" என்று சொன்னாள்? பெயர்கள் என் கண்ணில் படவில்லை.


துவாஸ் தம்பி | சனி, இரவு 10.48

அக்கா வணக்கம். நான் ஒர்க் பெர்மிட்டில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். அந்த 20 டாலர் விஷயத்தை மூன்று தடவை படித்தேன்.

முதல் தடவை வந்தபோது ஏஜென்டுக்குக் கட்டியது அம்மாவின் தாலிக்கொடி, பிறகு ஊரில் வட்டிக்கு வாங்கியது. முதல் பதினான்கு மாதச் சம்பளம் அதற்கே போனது. அந்தப் பதினான்கு மாதமும் மேஸ்திரி என்ன சொன்னாலும் சரி சார் என்பதுதான். வாயைத் திறந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், கடன் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

நான் அடிமை இல்லை. என் பாஸ்போர்ட் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு லீவு இருக்கிறது, தேக்காவில் வந்து பிரியாணி சாப்பிடுகிறேன், இதில் எழுதுகிறேன். இப்போது இருக்கிற முதலாளி நல்லவர். அந்தக் கப்பல் படத்தில் இருக்கிறவர்களோடு என்னை வைத்துப் பேசினால் அது அவர்களுக்குச் செய்கிற அவமரியாதை. ஆனால் கடன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்ல வந்தேன்.


ஜூரோங் மாமா | சனி, இரவு 11.10

தம்பி, நீ ஒருத்தன்தான் இங்கே உருப்படியாகப் பேசியிருக்கிறாய். பெயரை மாற்றி வைத்துக்கொள்வதில் மனிதனுக்கு ஈடு கிடையாது. அடிமை என்பான், சட்டம் வந்தால் ஒப்பந்தம் எழுதிச் சஞ்சிக் கூலி என்பான். 1910இல் மலாயாவில் சஞ்சியையும் நிறுத்தினார்கள், அதற்குள் ஆள் பிடித்துவரும் கங்காணி வந்துவிட்டான். இன்றைக்கு ஏஜென்ட்.


ஊசிமல்லி | ஞாயிறு, காலை 9.33

மாமா பட்டியலில் ஒன்று விட்டுப்போனது. சயாம், இன்றைய தாய்லாந்து.

என் பாட்டி ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அண்ணனை லாரியில் ஏற்றிப் போனார்கள். நல்ல சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான். சில தோட்டங்களில் இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவைச் சாத்தி அப்படியே ஏற்றியதாகவும் பெரியவர்கள் சொல்வார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். காடு, மழை, காலரா. போர்க் கைதிகளில் 12,000க்கும் மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் எத்தனை பேர் என்று யாரும் சரியாக எண்ணவில்லை. 90,000 வரை இருக்கும் என்று சொல்கிறார்கள். அதில் பெரும்பங்கு பர்மியர்களும், மலாயாவிலிருந்து போன நம் ஆட்களும்.

தாய்லாந்தில் அந்தப் பாதை ஓடும் காஞ்சனபுரிக்குப் போனேன். கைதிகளின் கல்லறைகள் புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெயர், வயது, படைப்பிரிவோடு ஏறக்குறைய 7,000 இருக்கின்றன. 22 வயது, 24 வயது. ஒவ்வொன்றாகப் படிக்கும்போது தொண்டை அடைத்தது, அவர்களும் பாவம்தான். பாட்டியின் அண்ணனுக்கு அங்கே கல் இல்லை. ஊர் திரும்பி "பாத்தியா?" என்று பாட்டி கேட்டார். பார்த்தேன் என்று பொய் சொன்னேன். "எப்படி இருந்துச்சு?" "பூவெல்லாம் வச்சிருக்காங்க பாட்டி." அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. அந்தப் பொய்யைச் சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை.


நூலகப்புழு | ஞாயிறு, காலை 11.50

ஊசிமல்லி, உங்களுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் வேறொன்று எழுதுகிறேன்.

இதுவரை பேசியதில் எல்லாம் வெள்ளைக்காரன், ஜப்பான்காரன், புகிஸ்காரன். நாம் எப்போதும் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் பக்கம்தான். கொஞ்சம் நம் வீட்டுக் கதவையும் தட்டிப் பார்ப்போம்.

சுந்தரர் கதை எல்லாருக்கும் தெரியும். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, "இவன் என் அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், கிழவர் பக்கம் தீர்ப்பு. கிழவர் சிவபெருமான் என்பதால் கதை இனிப்பாக முடிகிறது. சின்ன வயதில் கோயிலில் கேட்டபோது எனக்கும் இனிப்பாகத்தான் இருந்தது. இப்போது படித்தால் வேறு ஒன்று கண்ணில் குத்துகிறது. ஓலை எழுதி ஆளை அடிமையாக்கலாம், அது பேரன் வரைக்கும் செல்லும் என்பதில் பந்தலில் இருந்த ஒருவருக்கும் வியப்பில்லை. ஒரு அந்தணர் இன்னோர் அந்தணருக்கு அடிமையாவது உண்டா என்பதுதான் அவர்களுடைய வியப்பு. அப்படியானால் யார் அடிமையாக இருப்பது அவர்களுக்கு வியப்பில்லாத சங்கதி?

சோழர் காலக் கல்வெட்டுகளில் பஞ்சத்தில் தன்னையும் குடும்பத்தையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களின் செய்தி இருக்கிறது. நாம் "அடியேன்", "அடிமை" என்பதைக் கடவுள் முன்னால் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லின் முள்ளை மழுக்கிவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பக்தியைக் குறை சொல்லவில்லை, நானும் திருவாசகம் படித்து அழுகிறவள்தான்.


கப்பல் கணக்கு | ஞாயிறு, மதியம் 12.20

இது நான் எதிர்பார்க்காத திருப்பம். அக்கா சொல்வது சரி என்றே படுகிறது. ஆனால் ஆளோலையையும் சோங் கப்பலையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? அட்லாண்டிக்கில் 1.25 கோடிப் பேரை ஏற்றி, ஏறக்குறைய 18 லட்சம் பேரை வழியிலேயே சாகவிட்டது ஒரு பெருந்தொழில். பங்கு, வட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாம் வைத்து நடத்தியது.


நூலகப்புழு | ஞாயிறு, மதியம் 12.41

ஒரே தராசு வேண்டாம். அளவு வேறு, முறை வேறு. "அவன் செய்ததுதான் கொடுமை, நம்முடையது சும்மா வழக்கம்" என்று நம் தராசை ஒளித்து வைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.


கடைமடை | ஞாயிறு, மாலை 6.05

பத்து வருடமாக இங்கே ஐடியில் இருக்கிறேன். பிஆர், நிரந்தரவாசி. இந்த இழையை வெள்ளிக்கிழமையிலிருந்து படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள்.

என் சொந்த ஊர் காவிரிக் கடைமடை. கொள்ளுத்தாத்தாவுக்கு நிலம் இருந்தது, பண்ணையாட்கள் இருந்தார்கள். சட்டப்படி அடிமை இல்லை. 1843லேயே இந்தியாவில் அடிமையை எந்த நீதிமன்றமும் அங்கீகரிக்காது என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஆளின் கல்யாணத்துக்குப் பண்ணையில் கடன், அந்தக் கடனுக்கு அவன் மகன் ஆள், மகன் கல்யாணத்துக்கு மறுபடி கடன். நிலம் கை மாறினால் ஆட்களும் சேர்ந்து கை மாறுவார்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் எங்கள் பக்கத்தில் பழமொழி இல்லை. கரைத்த சாணியை வாயில் ஊற்றுவார்கள், சவுக்கால் அடிப்பார்கள். எங்கள் வீட்டில் நடந்ததா என்று அப்பாவிடம் ஒரு தடவை கேட்டேன். "எல்லா வீட்லயும் இருந்ததுதான்" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கும் 16 வருடம் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட சண்டையிலிருந்து வந்தது அது. எங்கள் வீட்டில் அந்த ஊர்ப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளியில் ப்ரூக்ஸ் கப்பல் எனக்கும் பாடமாக இருந்தது. படித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கொல்லையில் தனி டம்ளரில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவரைப் பார்த்தேன். இரண்டும் எனக்கு ஒட்டவே இல்லை. பதினோரு வயது என்று சாக்குச் சொல்லலாம். இருபத்தொரு வயதிலும் ஒட்டவில்லை.


ஜூரோங் மாமா | ஞாயிறு, இரவு 8.30

கடைமடை, நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கீழே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தேன்.

என் தாத்தா அந்த மாதிரி ஒரு பண்ணையிலிருந்து இரவோடு இரவாக ஓடிவந்தவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். 1920களின் கடைசி. தோட்டத்தில் கங்காணி அடித்தானா என்று நான் கேட்டதற்கு, "அடிச்சான், ஆனா அவன் அடிச்சா கைதான் வலிக்கும். அங்க அடிச்சா சாதி வலிக்கும்" என்பார். ரப்பர் காட்டை அவர் சொர்க்கம் என்று சொன்னதில்லை. ஆனால் திரும்பிப் போகவும் இல்லை. இந்தியாவுக்கு ஒரு முறை கூட்டிப்போகிறேன் என்று அப்பா கேட்டபோது, எனக்கு அங்கே யாரைத் தெரியும் என்றுவிட்டார்.

பிணத்தைத் தோண்டி என்ன கிடைக்கும் என்று வெள்ளிக்கிழமை கேட்டேன். இந்தப் பிணத்தைத்தான் நான் தோண்ட விரும்பவில்லை.


கடைமடை | ஞாயிறு, இரவு 8.52

ஐயா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. மன்னிப்பு என்று எழுதினால் மலிவாக இருக்கிறது.


ஜூரோங் மாமா | ஞாயிறு, இரவு 9.15

நீ பிறக்காத காலத்துக்கு உன்னிடம் மன்னிப்பு எனக்கு எதற்கு? வேறொன்று கேட்கிறேன். உங்கள் பண்ணையில் இருந்த ஆட்களின் பெயர் உனக்குத் தெரியுமா? ஒரு பெயர் போதும்.


தேக்காவாசி | ஞாயிறு, இரவு 9.40

மகன் தூங்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறான். ஒப்படைப்பை மறுபடி எழுதப் போகிறானாம். இரண்டு பக்கம்தான் கேட்டிருக்கிறார்கள், ஆறு பக்கம் ஆகிவிட்டது. ஆசிரியர் குறைக்கச் சொன்னால் எதை வெட்டுவது என்று இப்போதே சண்டை. நீல டேப்பை அவன் அம்மா உரிக்கச் சொல்லிவிட்டாள். அவனுக்கு மனமில்லை.


துவாஸ் தம்பி | திங்கள், காலை 5.10

லாரிக்குக் காத்திருக்கும்போது படித்தேன். தம்பி, அந்த 27 பெண்களை வெட்டாதே.


கடைமடை | செவ்வாய், இரவு 10.22

மாமா, மன்னார்குடியில் இருக்கும் பெரிய அத்தையிடம் நேற்றுப் பேசினேன். 81 வயது. கொள்ளுத்தாத்தா காலத்துப் பண்ணை வீட்டில் வளர்ந்தவர், நல்ல ஞாபகசக்தி. ஏர் மாடுகள் எத்தனை என்று கேட்டேன். மூன்று ஜோடி என்றார். முன் ஜோடி மயிலையும் செவலையும், அதற்கடுத்தது வெள்ளையன், கருப்பன், முட்டுகிற மாடு ஒன்று, அதன் பெயர் ராஜா. மூன்றாவது ஜோடியை எந்தச் சந்தையில் வாங்கினார்கள் என்பது வரை சொன்னார்.

ஏர் ஓட்டியவர் பெயர் என்ன அத்தை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஆளுன்னுதான் கூப்பிடுவோம்" என்றார். போனை வைத்துவிட்டார். பிறகு அவரே திரும்ப அழைத்து, அந்த ஆளுடைய பெண்டாட்டியின் பெயர் மட்டும் நினைவுக்கு வந்ததாகச் சொன்னார். மாரியாயி. அத்தைக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலை கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாராம். உள்ளே வரமாட்டார்.

என்னால் கண்டுபிடிக்க முடிந்தது இவ்வளவுதான்.


ஜூரோங் மாமா | செவ்வாய், இரவு 11.04

மன்னார்குடிக்கு எந்தப் பக்கம்?


கடைமடை | செவ்வாய், இரவு 11.06

தெற்கே, ஏழெட்டு மைல். ஊர்ப் பெயரைத் தனிமடலில் அனுப்பட்டுமா?


ஜூரோங் மாமா | செவ்வாய், இரவு 11.07

அனுப்பு. தாத்தாவின் பழைய அடையாளச் சீட்டு தங்கச்சி வீட்டில் இருக்கிறது, அதில் ஊர் போட்டிருக்கும். நாளைக்கு இயோ சூ காங் வரைக்கும் போய் வாங்கி வருகிறேன்.